நடுவர் நின்ற இடம்

சர் ஸ்டான்லி ரூஸ் வாழ்வும் கால்பந்தின் நீதியும்

கால்பந்து ஆட்டத்தில் பந்தைத் தொடாமலேயே வெற்றி தோல்வியை மாற்றவல்லவர் ஒருவர் உண்டு. அவரே நடுவர். 22 ஆட்டக்காரர்களுக்கு ஈடுகொடுத்து அவரும் ஓடுகிறார். ஆனால் அவருக்காகக் கைதட்டுவோர் எவரும் இலர். நூறு முறை சரியாகத் தீர்ப்பளித்தால் அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஒரு முறை தவறிவிட்டாலோ ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதையே பேசுகிறார்கள்.

நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆராயாது அளித்த ஒரு தீர்ப்புக்காக அரசன் அரியணையிலேயே உயிர் துறந்த கதையைக் காப்பியமாகப் போற்றும் மொழி நம் மொழி. சிலம்பை உடைத்தபோது உண்மை தெரிந்தது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. இன்றைய ஆடுகளங்களில் சிலம்பை உடனுக்குடன் உடைத்துப் பார்க்கும் கருவி வந்துவிட்டது. வீடியோப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்துகிறார்கள். விதிகளையும் ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். ஆயினும் சச்சரவு ஓய்ந்தபாடில்லை. கருவியால் நீதி வளருமா? விதியை மாற்றினால் நீதி வளருமா? இக்கேள்விகளுக்கு விடை தேட விரும்புவோர் சர் ஸ்டான்லி ரூஸ் என்னும் ஆங்கிலேயரின் வாழ்க்கையை அறிதல் நலம். ஏனெனில், நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்று உலகுக்குக் கற்பித்தவர் அவர். கால்பந்து விதிகளை ஒழுங்குபடுத்தி எழுதியவரும் அவரே.

இளமை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபோக் என்னும் மாவட்டம் இருக்கிறது. அங்கு மட்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1895 ஏப்ரல் 25 ஆம் நாள் ஸ்டான்லி ஃபோர்டு ரூஸ் பிறந்தார். தந்தையார் மளிகை வணிகர். செல்வக் குடும்பம் அன்று. அதிகாரமும் செல்வாக்கும் உடைய குடும்பமும் அன்று. உயர்குடியினரே விளையாட்டுக் கழகங்களை ஆண்டுவந்த அக்காலத்தில், ஒரு மளிகைக்கடைக்காரரின் மகன் உலகக் கால்பந்தின் தலைமைப் பீடம் ஏறுவான் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இளமையில் அவர் உள்ளூர்க் குழுக்களில் கோல்கீப்பராக ஆடினார். நெடிய உருவம் அதற்குத் துணை செய்தது. முதல் உலகப்போர் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்சிலும் மேற்காசியப் போர்முனையிலும் பணியாற்றினார். பின்னர் மணிக்கட்டில் ஏற்பட்ட முறிவால் கோல்கீப்பராக ஆடும் வாய்ப்பு முடிந்தது. ஆடும் வாய்ப்பு போனதே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. ஊதுகுழலைக் கையில் எடுத்தார். போருக்குப் பின் எக்சிட்டர் நகரின் புனித லூக்கா கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1921 முதல் வாட்ஃபோர்டு நகரப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியராகப் பணிபுரிந்தார். வாரநாள்களில் வகுப்பறை, விடுமுறை நாள்களில் ஆடுகளம் என்று அவர் வாழ்க்கை ஓடியது. ஆசிரியர் என்பவர் சொல்வதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாணவர் அனைவரும் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். வகுப்பறை கற்றுத்தந்த இவ்விரு பாடங்களும் பிற்காலத்தில் கால்பந்துக்குப் பயன்பட்டன.

ஊதுகுழல் ஏந்தியவர்

1927 இல் பன்னாட்டு ஆட்டங்களுக்கு நடுவராகும் தகுதியை ரூஸ் எட்டினார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. இங்கிலாந்தில் ஒரு நடுவர் பெறக்கூடிய மிகப்பெரிய சிறப்பு, வெம்பிளி மைதானத்தில் நடைபெறும் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தை நடத்துவது. அச்சிறப்பு 1934 ஏப்ரல் 28 அன்று அவருக்குக் கிட்டியது. போர்ட்ஸ்மவுத் குழு முதலில் ஒரு கோல் போட்டது. மான்செஸ்டர் சிட்டி குழுவின் டில்சன் பிற்பகுதியில் இரண்டு கோல்கள் போட்டு வெற்றியைப் பறித்தார். ரூஸ் இறுதி ஊதலை ஊதியதும், வென்ற குழுவின் இளம் கோல்கீப்பர் ஃபிராங்க் ஸ்விஃப்ட் மன அழுத்தம் தாங்காமல் மயங்கி விழுந்தார். நடுவர் ஊதும் ஒரு சிறு ஒலிக்குப் பின்னால் எத்தனை உள்ளங்கள் துடிக்கின்றன என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று. அதே ஆண்டில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக ரூஸ் அமர்த்தப்பட்டார். ஊதுகுழலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

மூலைவிட்டத்தின் அருமை

பன்னாட்டு ஆடுகளம் இன்று 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. இத்தனை பெரிய பரப்பில் ஒரு நடுவர், இருபுறமும் பக்கக் கோடுகளில் கொடி ஏந்திய இரண்டு கோட்டு நடுவர்கள். இவர்கள் மூவரும் எங்கே நிற்பது, எப்படி ஓடுவது என்பதற்கு அக்காலத்தில் ஒரே சீரான முறை இல்லை. நடுவர் தம் விருப்பம்போல் பந்தின் பின்னால் ஓடினார். சில வேளைகளில் நடுவரும் கோட்டு நடுவரும் ஒரே பக்கத்தில் கூடிவிடுவார்கள். மறுபக்கம் பார்ப்பாரற்றுக் கிடக்கும்.

ரூஸ் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். நடுவர் ஆடுகளத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை நோக்கிச் செல்லும் மூலைவிட்டத்தை ஒட்டி ஓட வேண்டும். கோட்டு நடுவர் ஒவ்வொருவரும், நடுவரின் பாதை விலகிச் செல்லும் பக்கத்தில், ஆளுக்குப் பாதிக் களத்தைக் கவனிக்க வேண்டும். இவ்வாறு செய்தால் என்ன ஆகும்? பந்து எங்கே இருந்தாலும் அது நடுவருக்கும் ஒரு கோட்டு நடுவருக்கும் இடையிலேயே இருக்கும். ஓர் ஆட்டக்காரர் தம் முதுகால் ஒரு கண்ணை மறைத்தால், மறுபக்கத்துக் கண் அதைக் காணும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஒரு காசுச் செலவும் இல்லை.

1935 இல் இரண்டு நடுவர்களைக் களத்தில் இறக்கிப் பார்க்கும் சோதனையும் இங்கிலாந்தில் நடந்தது. அது நிலைக்கவில்லை. மூலைவிட்ட முறையோ நிலைத்தது, உலகெங்கும் பரவியது. வெம்பிளியிலும் அதே முறை. கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் ஆட்டங்களிலும் அதே முறை. நடுவர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை அவருடைய நேர்மைக் குறைவால் வருவன அல்ல, நின்ற இடத்தால் வருவன என்று கண்டதே ரூஸின் அறிவுக் கூர்மை எனலாம்.

பதினேழு விதிகள்

1863 இல் லண்டனில் வகுக்கப்பட்ட கால்பந்து விதிகள் 13. அவற்றுள் நடுவர் என்ற சொல்லே கிடையாது. கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் யார் பிழை செய்யப்போகிறார்கள் என்பது அக்கால நம்பிக்கை. பின்னர்க் குழுவுக்கு ஒருவராக இரண்டு மத்தியஸ்தர்கள் வந்தனர். அவர்கள் உடன்படாதபோது தீர்த்துவைக்கக் களத்துக்கு வெளியே ஒருவர் நின்றார். 1891 இல் வெளியே நின்றவர் களத்தினுள் வந்தார். மத்தியஸ்தர்கள் கோடுகளுக்குச் சென்றனர். பெனால்டி உதை பிறந்ததும் அதே ஆண்டில்தான். 1925 இல் ஆஃப்சைடு விதி திருத்தப்பட்டது. தாக்குபவருக்கு முன்னால் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருவர் என்று குறைந்தது. இவ்வாறு ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட சட்டைபோல் விதிநூல் ஆகிவிட்டது. எந்த விதிக்கு எந்தத் திருத்தம் என்று கண்டுபிடிப்பதே நடுவர்களுக்குப் பெரும்பாடு.

விதிகளை ஆளும் பன்னாட்டு வாரியம் 1886 இல் பிரிட்டனின் நான்கு சங்கங்களால் தொடங்கப்பட்டது. அவ்வாரியத்தின் ஒப்புதலோடு ரூஸ் விதிநூல் முழுவதையும் திருத்தி எழுதினார். 1938 இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆடுகளம், பந்து, ஆட்டக்காரர் எண்ணிக்கை, நடுவர், கோட்டு நடுவர் என்று முறையாகத் தொடங்கி, மூலை உதையில் முடியும் 17 விதிகள். ஆட்டத்தின் இயல்பை அவர் மாற்றவில்லை. அதைச் சொல்லும் சொல்லை மாற்றினார். உலகப் புகழ் பெற்ற ஆட்டம் ஒன்றின் சட்டம் முழுவதும் ஒரு சிறு புத்தகத்துள் அடங்கியது. அதன்பின் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. 2016 இல் மீண்டும் ஒருமுறை விதிநூலின் சொற்களை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கினார்கள். ஆயினும் விதிகளின் எண்ணிக்கை இன்றும் 17 தான்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், பிரிந்திருந்த பிரிட்டன் சங்கங்களை 1946 இல் ஃபிஃபா எனப்படும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பில் மீண்டும் சேர்த்ததில் ரூஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக் போட்டிகளின் ஏற்பாட்டிலும் அவர் உழைத்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் குழு, பெரும்பாலோர் வெறுங்காலுடன், பிரான்சை எதிர்த்து ஆடி 1–2 என்று தோற்றது அப்போட்டியில்தான். கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளையும் நம்மவர்கள் வீணாக்கிவிட்டனர் என்பதை இன்றும் கால்பந்து அன்பர்கள் வருத்தத்தோடு நினைவுகூர்வர். மறு ஆண்டு ரூஸுக்கு அரசர் சர் பட்டம் வழங்கினார்.

1961 இல் அவர் ஃபிஃபாவின் தலைவரானார். அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1962 ஜூன் 2 அன்று சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் சிலியும் இத்தாலியும் மோதின. அது ஆட்டமாக இல்லை, அடிதடியாக இருந்தது. நடுவர் கென் ஆஸ்டன் இத்தாலியர் இருவரை வெளியேற்றினார். முதலாமவர் வெளியேற மறுத்ததால் காவலர் வர நேர்ந்தது. எதிராளியைக் குத்திய சிலி ஆட்டக்காரர் தண்டனையின்றித் தப்பினார். நடுவருக்கு ஆட்டக்காரர் மொழி தெரியாது. ஆட்டக்காரருக்கு நடுவர் மொழி தெரியாது.

1966 இல் உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. நடுவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பு ஆஸ்டனிடம் இருந்தது. ஜூலை 23 அன்று இங்கிலாந்து – அர்ஜென்டினா ஆட்டத்தில், ஜெர்மன் நடுவர் கிரைட்லைன் அர்ஜென்டினாத் தலைவர் ரட்டீனை வெளியேறச் சொன்னார். ரட்டீன் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நெடுநேரம் களத்திலேயே நின்றார். எச்சரிக்கப்பட்டவர் யார் யார் என்பதுகூட ஆட்டக்காரர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அதன்பின் காரில் சென்றுகொண்டிருந்த ஆஸ்டனுக்குச் சாலையின் போக்குவரத்து விளக்குகள் ஒரு வழி காட்டின. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரருக்கும் புரியும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் நடைமுறைக்கு வந்தன. அப்போட்டி முழுவதிலும் ஒரு சிவப்பு அட்டைகூடக் காட்டப்படவில்லை! நல்ல விதி மாற்றம் என்றால் இதுதான். தண்டனையைக் கூட்டாமல் தெளிவைக் கூட்டியது.

கோட்டைக் கடந்ததா பந்து?

அதே 1966 இல், ஜூலை 30 அன்று வெம்பிளியில் இறுதியாட்டம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் 2–2 என்று நின்றன. கூடுதல் நேரத்தின் 11 ஆம் நிமிடத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டுக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் கடந்தால்தான் கோல் என்பது விதி. கடந்ததா, கடக்கவில்லையா? சுவிட்சர்லாந்து நடுவர் டீன்ஸ்டுக்குத் தெரியவில்லை. பக்கக் கோட்டுக்கு ஓடினார். அங்கே கொடியுடன் நின்றவர் சோவியத் நாட்டின் அசர்பைஜானைச் சேர்ந்த தோஃபிக் பக்ராமோவ். இருவருக்கும் பொது மொழி கிடையாது. தலையசைவும் கையசைவுமே பேச்சு. கோல் என்று தீர்ப்பாயிற்று. இங்கிலாந்து 4–2 என்று வென்றது.

இங்கே நாம் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். அன்று களத்தில் இருந்தது ரூஸின் மூலைவிட்ட முறைதான். மேடையில் அமர்ந்து பார்த்தவர் ரூஸ்தான். அம்முறையில் கோட்டு நடுவர் ஆஃப்சைடைக் கவனிப்பதற்காகத் தற்காப்பு வரிசைக்கு நேராக நிற்க வேண்டியவர். கோல் கோட்டின்மேலேயே நிலைத்து நிற்கும் கண் எவருக்கும் இல்லை. ரூஸ் கண்ட முறையின் எல்லை அதுவே. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய படச்சுருளைக் கணிப்பொறியில் இட்டு ஆராய்ந்தார்கள். பந்து முழுமையாகக் கடக்கவில்லை, குறைந்தது 6 சென்டிமீட்டர் குறைவு என்று முடிவு கூறினார்கள். சிலம்பு உடைந்தது, ஆனால் கோப்பை கொடுத்து முப்பதாண்டுகள் ஆகிவிட்டன!

காண மறுத்த கண்

ரூஸின் வாழ்வில் புகழுக்குரியவற்றை மட்டும் எழுதிச் செல்வது நடுவுநிலைமை ஆகாது. தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் சங்கம் நிறவெறிக் கொள்கையை விளையாட்டிலும் கடைப்பிடித்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குழுவில் ஆட முடியாது. 1961 இல் ஃபிஃபா அச்சங்கத்தை இடைநீக்கம் செய்தது. 1963 இல் ரூஸே அங்கே நேரில் சென்று பார்த்தார். அரசியலையும் விளையாட்டையும் கலக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. அவருடைய பரிந்துரையால் இடைநீக்கம் விலக்கப்பட்டது. 1964 இல் டோக்கியோவில் கூடிய பேரவையில் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் எதிர்த்து நின்று மீண்டும் இடைநீக்கம் செய்தன. ஆப்பிரிக்காவுக்கென்று உலகக் கோப்பையில் ஓர் இடம்கூட உறுதியாக இல்லை என்பதைக் கண்டித்து, 1966 போட்டியை ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்தன.

1973 இல் சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சாந்தியாகோ தேசிய விளையாட்டரங்கம் கைதிகளை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்யும் இடமாயிற்று. அங்கே ஆட மாட்டோம் என்று சோவியத் குழு மறுத்தது. ஃபிஃபா அனுப்பிய பார்வையாளர்கள் அரங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குத் தடையில்லை என்றனர். நவம்பர் 21 அன்று எதிரணி இல்லாத களத்தில் சிலி ஆட்டக்காரர்கள் தனியே ஓடிச் சென்று வெற்றுக் கோலினுள் பந்தைத் தள்ளினார்கள். அதுவும் விதிப்படி நடந்ததாம்!

நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்று உலகுக்குக் கற்பித்தவர், இவ்விடங்களில் தாம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்டவன் நின்ற பக்கத்திலிருந்து அவர் பார்க்கவில்லை. நேரில் சென்றும் காணவில்லை. விதியின் எழுத்தைக் காத்தார். அதன் உயிரைக் காக்கத் தவறினார். இதற்கான விலையை 1974 ஜூன் 11 அன்று ஃபிராங்ஃபர்ட் நகரில் கொடுத்தார். தலைவர் தேர்தலில் பிரேசில் நாட்டு ஹாவெலாஞ்சு 68 வாக்குகளும் ரூஸ் 52 வாக்குகளும் பெற்றனர். ஆப்பிரிக்க நாடுகளின் ஆதரவு ஹாவெலாஞ்சுக்குக் கைகொடுத்தது. மூன்றே நாள் கழித்துத் தொடங்கியிருந்த உலகக் கோப்பையில், சிலி நாட்டுக் காசெலி என்பவருக்கு உலகக் கோப்பை வரலாற்றின் முதல் சிவப்பு அட்டை காட்டப்பட்டது.

இறுதிக் காலம்

ஓய்வுபெற்ற ரூஸ், ஃபிஃபாவின் மதிப்புறு தலைவராக வாழ்ந்தார். கால்பந்து விதிகளின் வரலாற்றை ஒருவருடன் இணைந்து நூலாக எழுதினார். 1978 இல் தம் நினைவுகளையும் வெளியிட்டார். 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மீண்டும் சந்தித்தன. மரடோனா கையால் தட்டிய பந்து கோலாயிற்று. துனீசிய நடுவர் பென்னாசர் கோட்டு நடுவரைப் பார்த்தார்; அவர் கொடி உயரவில்லை. களத்தில் இருந்த நடுவர்களுக்குத் தெரியாதது, தொலைக்காட்சி பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்குத் தெரிந்தது. ஒரு திங்கள்கூடக் கழியவில்லை. ஜூலை 18 அன்று, தம் 91 ஆம் வயதில், ரூஸ் லண்டனில் காலமானார். மனிதக் கண்ணை மட்டும் நம்பிய ஒரு காலம் அவரோடு முடியத் தொடங்கியது எனலாம்.

கருவிகள் வந்தன

எனினும் கருவி உடனே வந்துவிடவில்லை. 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில், அதே இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஆடின. லாம்பார்டு உதைத்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து வெளியே வந்தது. நடுவர்கள் கோல் தரவில்லை. 1966 இன் கணக்கு தலைகீழாயிற்று. 2012 ஜூலையில் கோல் கோட்டுக் கருவிக்கு வாரியம் ஒப்புதல் தந்தது. 2014 பிரேசில் உலகக் கோப்பையில் கோலுக்கு ஏழாக 14 கேமராக்கள் பொருத்தப்பட்டன. பந்து கடந்தால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்தில் செய்தி வரும். ரூஸின் மூலைவிட்டத்தில் காலியாக இருந்த இடத்தில் இப்போது ஒரு கண் நிற்கிறது. இதனால் நீதி வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஏனெனில் அங்கே கேள்வி ஒன்றே; கடந்ததா, இல்லையா?

2018 இல் வீடியோ உதவி நடுவர் முறை விதிநூலில் ஏறியது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் என்னும் நான்கில் மட்டுமே அப்போது அது தலையிட முடிந்தது. அதுவும் தெளிவான பிழை இருந்தால் மட்டுமே. அவ்வாண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் 29 பெனால்டிகள் கிடைத்தன. அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஒளிந்திருந்த பிழைகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் இறுதியாட்டத்தில் குரோஷிய ஆட்டக்காரர் கையில் பந்து பட்டதை நடுவர் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பிரான்சுக்குப் பெனால்டி தந்தபோது, அது சரி என்றனர் பாதிப்பேர், தவறு என்றனர் பாதிப்பேர். படம் ஒன்றுதான், கருத்து இரண்டு. கையில் பந்து படும் விதியை 2019 இலும் 2021 இலும் மாற்றி எழுதினார்கள். காரணம் தெளிவு. பந்து கையில் பட்டதா என்பதைக் கேமரா சொல்லும். அது குற்றமா என்பதை விதிதான் சொல்ல வேண்டும்.

2022 கத்தார் போட்டியில் 12 கேமராக்களும் பந்துக்குள் வைத்த உணர்கருவியும் ஆஃப்சைடை அளந்தன. இத்தனைக்கும் பின், 2023 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தில் டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. லிவர்பூல் போட்ட கோலுக்குக் கோட்டு நடுவர் ஆஃப்சைடு கொடி தூக்கினார். வீடியோ அறையில் இருந்தவர்கள் அது முறையான கோல் என்றே கண்டார்கள். ஆனால் களத்திலும் கோல் என்றே தீர்ப்பு என்று தவறாக எண்ணி, சரிபார்த்தாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது, கோல் போனது. லிவர்பூல் 1–2 என்று தோற்றது. கண் பிழைக்கவில்லை, சொல் பிழைத்தது. பக்ராமோவும் டீன்ஸ்டும் சைகையால் பேசிய அந்த இடர்ப்பாடு, 57 ஆண்டுகளுக்குப் பின்னும், ஒரே மொழி பேசுவோரிடையே திரும்பி வந்தது.

நாம் பெறும் முடிவு

ரூஸின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். ஒரு தீர்ப்பு பிறக்க மூன்று வேண்டும். முதலாவது, தெளிவான விதி. அதை 1938 இல் அவர் எழுதித் தந்தார். இரண்டாவது, சரியான இடத்தில் நிற்கும் கண்; அதற்கு மூலைவிட்டம் கண்டார். கருவி இந்த இரண்டாவதற்குத்தான் துணை செய்கிறது. கோட்டைக் கடந்த பந்துக்கு அது போதும். விதி தெளிவாக இல்லாத இடத்தில், கருவி சச்சரவைத் தீர்ப்பதில்லை, பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆகவே கேமராவைக் கூட்டுமுன் விதியைத் தெளிவாக்குதல் வேண்டும். மேலும் மூலைவிட்டம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொது. கேமராவோ பெரிய அரங்குகளுக்கே உரியது. மாவட்ட ஆட்டத்திலும் கல்லூரி ஆட்டத்திலும் இன்றும் ஒரு நடுவர், இரு கொடிகள், 17 விதிகள், அவ்வளவே. எனவே கருவி வந்துவிட்டது என்பதற்காக நல்ல நடுவர்களைப் பயிற்றுவிக்கும் வேலையைக் கைவிடுதல் தகாது.

மூன்றாவது, மறுபக்கத்திலிருந்தும் பார்க்கத் துணியும் மனம். ரூஸ் சறுக்கியது இங்கேதான். தென்னாப்பிரிக்காவில் அவருக்குக் கண் இருந்தது, விதியும் இருந்தது, அந்த மனம் இல்லை. இதை எந்தக் கேமராவும் தராது. எந்த வாரியமும் சட்டமாக இயற்ற முடியாது.

மாணவ நண்பர்களே! நம்மில் சிலர் நாளை ஊதுகுழல் ஏந்தலாம். சிலர் விடைத்தாள் திருத்தலாம். சிலர் அலுவலகங்களில் மனுக்களின் மேல் கையெழுத்திடலாம். எங்கே அமர்ந்தாலும் அங்கே நாம் நடுவரே. விதியை நன்கு கற்போம். கிடைக்கும் கருவியைத் தயங்காது பயன்படுத்துவோம். அதற்கு முன், நாம் நிற்கும் இடத்திலிருந்து யார் நம் கண்ணுக்கு மறைகிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். சர் ஸ்டான்லி ரூஸின் வெற்றியும் தோல்வியும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே ஆகும்.